தனியாக வராத சந்தோஷம்

நேயர்கள் எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம்.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த வசனம் தெரியாமல் இருக்காது. காலண்டரில் வரும், வாக்குத்தத்த அட்டையில் வரும், கல்யாண மேடையில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். துக்க வீட்டிலும் வரும், அங்கேதான் சிக்கல். கணவனை அடக்கம் பண்ணி மூன்று நாள்கூட ஆகாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, விசுவாசி அழக்கூடாது, எப்பவும் சந்தோஷமா இருன்னுதானே வேதம் சொல்லுது" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் நம் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து இரண்டு பாரம்: புருஷன் போன துக்கம் ஒன்று, துக்கப்படுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி இன்னொன்று.

நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள், ஓய்வுபெற்ற பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு காலம் போகிறது. அதனால் ஒரு வசனத்தைப் பார்த்தால், இதை யார் சொன்னார், எங்கே இருந்து சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று கேட்கிற பழக்கம் விடவில்லை. இந்த வசனம், ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிச் சொன்ன பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதின கடிதத்தில், பிலிப்பியர் நிருபம் என்கிறோமே, அதன் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. இதை அப்படிக் கேட்டுப் பார்த்தால் கதையே வேறு மாதிரிப் போகிறது.

பிலிப்பி என்கிற பட்டணம் இன்றைக்கு வட கிரேக்கத்தில், கவாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடிபாடாகக் கிடக்கிறது. 2016இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகா அலெக்சாந்தரின் அப்பா இரண்டாம் பிலிப்பு தன் பெயரை வைத்த ஊர். கி.மு. 42இல் ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களுக்கும் அவருக்காகப் பழிவாங்க வந்தவர்களுக்கும் பெரிய சண்டை நடந்தது இந்த ஊருக்கு வெளியேதான். அப்புறம் ரோமப் படையில் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். ஆக, இது ரோமப் பெருமை பேசுகிற ஊர், மிலிட்டரிக்காரர்களின் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் சபை எப்படி ஆரம்பித்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். ஆற்றங்கரையில் ஜெபம் பண்ணக் கூடியிருந்த பெண்களோடு பவுல் உட்கார்ந்து பேசுகிறார். அவர்களில் ஒருத்தர் லீதியாள், தியத்தீரா ஊர்க்காரர், இரத்தாம்பரம் என்கிற ஊதாநிறத் துணி விற்கிற வியாபாரி. முதலில் நம்பியவர் அவர்தான், நம்பின கையோடு "என் வீட்டில் வந்து தங்கத்தான் வேண்டும்" என்று விடாப்பிடியாக அழைத்துக்கொண்டும் போய்விட்டார். அதற்குப் பிறகு, குறிசொல்லி எஜமான்களுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்த ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் அந்த ஆவியிலிருந்து விடுவிக்க, வருமானம் போன ஆத்திரத்தில் எஜமான்கள் பவுலையும் அவரோடு வந்த சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போக, அதிகாரிகள் சொல்லி அவர்கள் வஸ்திரத்தைக் கிழித்து, கோலால் அடித்து, காலைத் தொழுமரம் என்கிற மரக்கட்டையில் மாட்டி உள்காவலறையில் போட்டார்கள். நடுராத்திரியில் இரண்டு பேரும் ஜெபம் பண்ணிப் பாடினார்கள் என்பது நமக்குத் தெரியும், அதைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த வசனத்தின் பின்பாதியை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை: காவலில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவர்கள் இரண்டு பேர், கேட்டவர்கள் ஒரு கூட்டம். பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்த பிறகு, சிறைக்காரர் அந்த ராத்திரியிலேயே அவர்கள் காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டு, வீட்டார் அத்தனை பேரோடும் மனமகிழ்ச்சியாயிருந்தார் என்று அந்தப் பகுதி முடிகிறது. பிலிப்பி ஊரில் சந்தோஷம் என்று எழுதப்பட்ட முதல் இடம் அந்தச் சாப்பாட்டுப் பந்திதான்.

இந்த ஜனங்களுக்குத்தான் சுமார் பத்து வருடம் கழித்துப் பவுல் கடிதம் எழுதுகிறார். அப்போதும் காவலில்தான் இருக்கிறார், ரோமாபுரியில் என்பது பழைய மரபு. அந்தக் காலத்துச் சிறையில் கைதிக்கு வேளாவேளைக்குத் தட்டு வந்துவிடாது, வெளியே இருக்கிற சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கொண்டுவந்து கொடுத்தால்தான் வயிறு நிறையும். அதைத் தெரிந்துதான் பிலிப்பியர் பணமும் பொருளும் சேகரித்து எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் ஒன்றும் வசதியானவர்கள் இல்லை. மக்கெதோனியா நாட்டுச் சபைகளைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, கொடிய தரித்திரத்தில் இருந்தும் சந்தோஷத்தோடு தாராளமாகக் கொடுத்தார்கள் என்கிறார் பவுல், பிலிப்பி அந்த நாட்டில்தான் இருக்கிறது.

கொண்டுவந்த மனுஷர் வந்த இடத்தில் சாகக் கிடந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். இதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனக்கு வியாதி வந்ததைவிட, அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே, அங்கே எல்லாரும் பதறுவார்களே என்றுதான் எப்பாப்பிரோதீத்துவுக்குக் கவலை. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிற பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா! அவரைத் திரும்ப அனுப்பும்போதுதான் இந்தக் கடிதம் போகிறது. அவரைப் பற்றிப் பவுல் எழுதுவதைக் கேளுங்கள்: தேவன் அவருக்கு மட்டும் இரங்கவில்லையாம், "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்" என்கிறார்.

துக்கத்தின்மேல் துக்கம். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய அதே கை, அதே கடிதத்தில், இரண்டு அதிகாரத்துக்கு முன்னால் எழுதியது இது. மூன்றாம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாக, "இப்பொழுது கண்ணீரோடும் சொல்லுகிறேன்" என்கிறார். அழுதுகொண்டே எழுதியவர் சொன்ன வசனத்தைக் கொண்டுபோய் அழுகிறவளை அடக்கப் பயன்படுத்துவது எந்த ஊர் நியாயம்? ரோமர் நிருபத்தில் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று சொன்னதும் இவர்தானே. துக்க வீட்டில் வசனம் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அப்படியே செய்யுங்கள்.

சரி, அப்படியென்றால் இந்த ஆள் எதைத்தான் சந்தோஷம் என்கிறார்? நான்கு அதிகாரத்தையும் பென்சிலும் கையுமாக வாசித்து, சந்தோஷம், மகிழ்ச்சி என்று வருகிற இடத்தில் எல்லாம் கோடு போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே யாராவது ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். உங்கள் அனைவருக்காகவும் சந்தோஷத்தோடு விண்ணப்பம் பண்ணுகிறேன் என்பார். நீங்கள் ஒரே சிந்தையாயிருந்து என் சந்தோஷத்தை நிறைவாக்குங்கள் என்பார். எப்பாப்பிரோதீத்துவைக் கண்டு நீங்கள் மறுபடியும் சந்தோஷப்படவேண்டும் என்பார். நீங்களே என் சந்தோஷமும் கிரீடமும் என்பார். நாமோ ஆவிக்குரிய சந்தோஷத்தைக் கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள்ளே தேடுகிறோம். நானும் ஆண்டவரும் மட்டும், எனக்குள்ளே ஒரு பரவசம், அது இன்றைக்கு வந்ததா, நேற்றைவிடக் கூடுதலா குறைச்சலா என்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தனி ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆண்டவரே அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறார். ஆனால் சந்தோஷம் என்று வரும்போது வேதத்தில் பெரும்பாலும் கதவு திறந்துதான் இருக்கிறது.

லூக்கா 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சிநேகிதரையும் அயலகத்தாரையும் கூட்டி, என்னோடுகூடச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். வெள்ளிக்காசைத் தேடி வீட்டைப் பெருக்கிய அம்மாவும் அதையேதான் செய்கிறாள். கிடைத்தது ஒரு காசு, அதற்குத் தெருவையே கூப்பிட்டிருக்கிறாள். சந்தோஷப்படாமல் போனது அந்த அதிகாரத்துக் கதைகளில் ஒரே ஒருத்தர்தான், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்தபோது கோபித்துக்கொண்ட மூத்த மகன். அவன் வாசலுக்கு வெளியே தனியாக நின்றான்.

நெகேமியா 8ஆம் அதிகாரமும் அப்படித்தான். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்" என்பதை மட்டும் வெட்டி எடுத்து பிரேம் போட்டு மாட்டிவிட்டோம். அதற்கு முந்தின வரி என்ன? கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அசனம் என்று ஒரு சொல் போதும். பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்க, டாக்டரும் கொத்தனாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வர முடியாதவர் வீட்டுக்குத் தூக்குவாளியில் போகும். பிடி அரிசியும் அந்த வகைதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்த நம் பாட்டிமார்களுக்கு "ஆவிக்குரிய சந்தோஷம் அடைய வழிகள்" என்று யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. அவர்களே அரைவயிறு சாப்பிட்ட நாளில்கூட அந்தப் பானையில் அரிசி விழுந்திருக்கிறது.

ஆனால் கூடி வாழ்வதைப் பற்றி ரொம்ப இனிப்பாகப் பேசிவிடக் கூடாது. சபை என்றால் சண்டையும் உண்டு, நமக்குத் தெரியாததா. சபைத் தேர்தல் சமயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்கள் இரண்டு வாசல் வழியாகப் போகிறதைப் பார்த்திருக்கிறோம். பவுலுக்கும் அது இருந்தது. அவர் உள்ளே இருக்கிற நேரம் பார்த்து, வெளியே சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், அவர் மனதை இன்னும் நோகடிக்கலாம் என்று. அவர் என்ன சொன்னார்? எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, "அதனால் சந்தோஷப்படுகிறேன், இன்னமும் சந்தோஷப்படுவேன்." தொழுமரத்தில் கால் மாட்டியிருக்கும்போது பாடுவதைவிட இது கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். நமக்குப் பிடிக்காத ஒருவர் நடத்திய கூட்டத்துக்கு நம் கூட்டத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள் என்று கேள்விப்படும்போது நம் முகம் எப்படிப் போகிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

கடிதத்தை வாங்குகிற பக்கத்திலும் சண்டை இருந்தது. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள், இப்போது ஆளுக்கு ஒரு திசை. ஒரே சிந்தையாயிருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார், அவர்களுக்கு உதவி பண்ணும்படி கூட இருக்கிற ஒருத்தரையும் கேட்டுக்கொள்கிறார். இது நான்காம் அதிகாரம் 2, 3ஆம் வசனங்கள். அடுத்த வசனம் எது தெரியுமா? "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." தெர்மாகோலில் வெட்டி ஒட்டுகிற அந்த வசனம், பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பற்றிப் பேசின கையோடு வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் வராமல், ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வராமல் வாரக்கணக்காக இருக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அது வெறும் சோர்வு இல்லாமல், மனச்சோர்வு என்கிற வியாதியாகவும் இருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் உன் விசுவாசம் எங்கே என்று கேட்போமா? டாக்டரைப் போய்ப் பாருங்கள், கூட ஒருத்தரை அழைத்துக்கொண்டு போங்கள். 42ஆம் சங்கீதக்காரரும் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தவர்தான், இரவும் பகலும் கண்ணீரே எனக்கு உணவாயிற்று என்கிறார். அவர் எதை நினைத்து ஏங்குகிறார் என்று பாருங்கள். பண்டிகை ஆசரிக்கிற ஜனங்களோடே கூட நடந்துபோன நாட்களை நினைத்துத்தான்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, தனியாக இந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா அம்மாமார்கள், "எங்களுக்குக் கூட யார் இருக்கா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பவுலும் ஆலயத்துக்குப் போக முடியாத நிலையில் இருந்தவர்தான். அவர் கையில் இருந்தது ஞாபகமும் பெயர்களும்தான், உங்களை நினைக்கிறபொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். உங்களிடம் அதோடு ஒரு போனும் இருக்கிறது. அப்புறம் வாலிபப் பிள்ளைகளே, உங்கள் தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தால், போகும்போது வெறுங்கையோடு போகாமல் நாலு பழமாவது வாங்கிக்கொண்டு போங்கள். போய் அரைமணி நேரம் உட்காருங்கள், போனைப் பையிலேயே வைத்துவிட்டு.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி சைகை காட்டுகிறார். பிலிப்பியர் நிருபம் மொத்தம் 104 வசனம்தான், சத்தமாக வாசித்தால்கூட அரைமணி ஆகாது. இந்த வாரம் ஒரு ராத்திரி டிவியை நிறுத்திவிட்டு வீட்டில் ஆளுக்கு ஓர் அதிகாரமாக வாசியுங்கள், நான்காம் அதிகாரத்தை மட்டும் வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள், எயோதியாள், சிந்திகேயாள் பெயரில் நாக்கு தடுக்கினாலும் பரவாயில்லை, வாசிக்கட்டும். வணக்கம்.