எல்என்ஜி கேஸுக்கும் ஏன் சுத்திகரிப்பு?

அடுத்த கேள்வி. ‘தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 58.8 மெகாவாட் ஃபியூயல் செல் (எரிக்காமல், வேதிவினை மூலம் எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) நிலையம் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது என்றீர்கள். எல்என்ஜியிலிருந்து, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது சுத்தமான கேஸ்தானே, அதை ஏன் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும்?’ என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

நியாயமான சந்தேகம். திரவமாக்கும் முன்பே அதில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிடுவார்கள். ஆனால் ஊர்க் குழாயில் விடும்போது, கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு வாசனைப் பொருளைக் கலக்கிறார்கள். வாசனை என்ன வாசனை, நாற்றம்தான்! மெர்காப்டன் மாதிரியான கந்தகச் சேர்மங்கள் அவை. வீட்டு அடுப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஃபியூயல் செல்லிலோ, ஹைட்ரஜன் வினைபுரிய வேண்டிய நிக்கல் பரப்பில் கந்தகம் போய் ஒட்டிக்கொள்கிறது, மின்னழுத்தம் இறங்குகிறது. கேஸில் முக்கியமாக இருக்கும் மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் வினையூக்கியும் நிக்கல்தான். ஆக, இரண்டு பக்கமும் அடி. சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு போதும். அதனால்தான் கேஸ் உள்ளே போகுமுன் கந்தகத்தை உறிஞ்சும் தொட்டிகள் வழியாக அனுப்புகிறார்கள்.

அப்படி ஹைட்ரஜனைப் பிரிக்கும்போது கூடவே வரும் கார்பன் மோனாக்சைடின் கதை வேறு. ஹைட்ரஜன் காரில் இருக்கும், பிளாட்டினம் வினையூக்கி கொண்ட ஃபியூயல் செல்லுக்கு அது விஷம். ஹைட்ரஜன் எரிபொருளின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 14687 தரத்தில் 0.2 பிபிஎம்முக்கு மேல் கூடாது. ஹ்வாசோங்கில் இருப்பது உருகிய கார்பனேட் உப்பை மின்பகுபொருளாகக் கொண்ட வகை, 650 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடுவது. அங்கே அதே கார்பன் மோனாக்சைடு நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜன் தருகிறது, அதாவது எரிபொருளாகிவிடுகிறது.

கந்தகத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது கேஸின் கலவை மாறுவது. தொட்டியில் கந்தகத்தை உறிஞ்சும் பொருளின் திறன் தீர்ந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். கலவை அப்படியில்லை. எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதற்கு இவ்வளவு கேஸ் என்று கட்டுப்பாட்டுக் கருவி கணக்குப் போட்டு அனுப்புகிறது. நைட்ரஜன் கூடி வெப்ப மதிப்பு குறைந்த கேஸ் வந்து, கணக்கும் பழையபடியே இருந்தால்? செல்லின் கடைசிப் பகுதிக்கு ஹைட்ரஜன் போய்ச் சேராது. மின்னோட்டத்தை மட்டும் இழுத்துக்கொண்டே இருப்போம். அப்போது அங்கிருக்கும் நிக்கலே ஆக்சைடாக மாறத் தொடங்கும். அந்தச் சேதம் முழுதாகச் சரியாவது கடினம். ஈத்தேன், புரோப்பேன் கூடினால் தொல்லை வேறு விதம்: நீராவி போதாவிட்டால் கார்பன் படிந்து வழியை அடைக்கும்.

அப்புறம், கழிவுநீர் நிலையத்து பயோகேஸைக் கொடுக்கலாமா என்றும் அவரே கேட்டிருக்கிறார். கொடுக்கலாம், அமெரிக்காவில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடோடு, ஷாம்பு, அழகுசாதனப் பொருள்களிலிருந்து வரும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்தையும் முதலில் எடுத்தாக வேண்டும். அது சூட்டில் மணல் போன்ற சிலிக்காவாகப் படிந்துவிடும்.