வேப்பமர நிழலில் ஈஸ்வரமூலி

நேயர்களுக்கு வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள என் வீட்டுத் தோட்டத்தில் ஈஸ்வரமூலி வளர்த்துவரும் அனுபவத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். பெருமருந்துக்கொடி, கருடக்கொடி என்றும் வழங்கும் இது நம் நாட்டில் இயல்பாக வளரும் கொடி.

ஏற்காட்டில் காப்பி பயிரிடுவோருக்கு நிழலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மேலிருக்கும் மரக்கிளைகள் வெயிலைச் சல்லடையாகச் சலித்து இறக்கும் அந்த நிழல்தான் இக்கொடிக்கும் ஏற்றது. ஆகவே கிணற்றடி வேப்பமரத்தின் கீழ், மக்கிய இலையும் தொழுவுரமும் கலந்த செம்மண்ணில், நீர் தேங்காதபடி மேடாக்கி நட்டேன். முதிர்ந்த காய் அடியிலிருந்து பிளந்து, காம்பின் இழைகளில் சின்னஞ்சிறு உறிபோலத் தொங்கும்; அதனுள் தட்டையான விதைகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். அந்த விதைகளைப் புதிதாக இருக்கும்போதே விதைத்துவிடுவது நல்லது.

இக்கொடியை நான் தேடிப்போனதற்குக் காரணம் இரண்டு பட்டாம்பூச்சிகள். கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட அவற்றை ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் என்பார்கள். இவற்றின் புழுக்கள் இந்தத் தாவரக் குடும்பத்தின் இலைகளையே தின்று வளர்கின்றன. தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்த பின்பே முட்டையிடும். இலையிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நாடுவதில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுவாக வளரும் வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்களில் சில, நஞ்சே இல்லாதிருந்தும், இவ்விரண்டின் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு பிழைத்துவிடுகின்றன. என் தோட்டத்தில் இவை கலந்து பறக்கும்போது எது எதுவென்று எனக்கே இன்னும் சில வேளை தடுமாறுகிறது.

அதே அமிலம் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெருமருந்து என்ற பெயரை நம்பியோ, பாம்புக்கடிக்கு முறிவு என்று பழைய வழக்கில் சொல்லப்படுவதை நம்பியோ யாரும் இதன் வேரையோ இலையையோ உட்கொள்ள வேண்டாம் என்று மிகுந்த கவலையோடு கேட்டுக்கொள்கிறேன். பாம்பு கடித்தால் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

முதல் ஆண்டு ஒரே ஒரு கொடிதான் வைத்திருந்தேன். கருஞ்சிவப்பு உடலில் சதைமுட்கள் நிறைந்த புழுக்கள் இலை முழுவதையும் தின்று, இளந்தண்டையும் கடித்து முடித்துவிட்டன. பாதி வளர்ந்த புழுக்கள் பசியோடு தரையில் அலைந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனவே நான்கைந்து கொடிகளாவது நடுங்கள். வேர் உயிரோடு இருந்தால் மொட்டையான கொடி மீண்டும் துளிர்க்கும். பூச்சிமருந்து மட்டும் அருகில் வரக்கூடாது. பெரிய பூவுக்காக விற்கப்படும் அயல்நாட்டு உறவுக்கொடியையும் நான் வைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அத்தகைய தென்னமெரிக்கக் கொடி ஒன்றில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் புழுக்கள், அதன் இலையைத் தின்று மடிகின்றன.

முற்றிய புழு கொடியை விட்டு நகர்ந்து, சுவரிலோ வேலிக்கம்பிலோ பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு, காய்ந்த இலைச்சுருளைப் போன்ற கூட்டுப்புழுவாகிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவரிடம், அப்படி ஏதாவது சுவரில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.