திறப்பு விழாவுக்கு மறுநாள்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நாம் குடியிருக்கும் பகுதியின் பொதுப் பூங்காவை நாமே பணம் போட்டுச் சீரமைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இப்படி ஒரு பேச்சு எழுந்ததுமே எல்லோரும் கேட்பது "எவ்வளவு சேரும்?" என்றுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திறப்பு விழா முடிந்த மறுநாள் காலையில் பூங்காவைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் விட்டு, ஊஞ்சலின் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கப்போவது யார்? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் எழுதிவைத்த பிறகே வசூலுக்குக் கிளம்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தின் டார்பி நகரில் நடந்ததைச் சொல்கிறேன். ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி, உழைக்கும் மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று தம் நிலத்தையே கொடுத்தார். ஜான் லவுடன் என்ற தோட்டக்கலை வல்லுநரைக் கொண்டு அதை அழகாக அமைத்தார். 1840இல் பூங்கா திறக்கப்பட்டது. மனமுவந்து செய்த கொடை அது, சந்தேகமே இல்லை. ஆனால் பராமரிப்புக்கென்று அவர் நிதி எதையும் ஒதுக்கிவைக்கவில்லை. விளைவு என்ன? வாரத்தில் இரண்டு நாள்தான் இலவசம், மற்ற ஐந்து நாளும் நுழைவுக் கட்டணம். யாருக்காகக் கட்டினாரோ அந்த ஏழைத் தொழிலாளி ஐந்து நாள் வாசலுக்கு வெளியே நின்றார். அந்தக் கட்டணம் நீங்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலமும் மரமும் கொடுத்த பெருங்கொடைக்கே இந்த நிலை என்றால், ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்க்கும் நாம் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்!

பூங்காவில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். குழந்தைகள் விழுந்தாலும் அடிபடாமல் இருக்க, விளையாட்டுச் சாதனங்களுக்குக் கீழே மரச்சில்லுகள் பரப்புகிறோம். 12 அங்குலம் உயரத்துக்குக் கொட்டினால், மிதிபட்டு மிதிபட்டு 9 அங்குலமாக அமுங்கிவிடும். ஊஞ்சலுக்கு நேர் கீழே, பிள்ளைகள் காலை உதைக்கும் இடத்தில், சீக்கிரமே வெறும் தரை தெரியும். சாதனம் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும், அதன் கீழே பாதுகாப்பு இருக்காது. மேலே இருப்பதை வாங்க நன்கொடையாளர் கிடைப்பார். கீழே இருப்பதை மறுபடி மறுபடி நிரப்ப யார் கிடைப்பார்? ஆரம்ப சூரத்தனம் நம் எல்லோரிடமும் உண்டு, அது குற்றமும் இல்லை. அந்த வேகம் இருக்கும்போதே பின்னாளுக்கும் சேர்த்துத் திரட்டிவிட வேண்டும். சேரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியைப் பராமரிப்புக்கு எடுப்போம் என்பது என் யோசனை. அப்படி எடுத்துவைத்தால் ஒரு நீரூற்றோ ஓர் அலங்கார வளைவோ குறையும். குறையட்டும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். 843 ஏக்கர். 1970களில் அந்த நகரமே கடனில் தத்தளித்தபோது பூங்காவைக் கவனிக்க ஆளில்லை. புல்தரை கட்டாந்தரையானது, கட்டடங்கள் இடிந்தன, இருட்டிய பிறகு மக்கள் உள்ளே போக அஞ்சினார்கள். 1980இல் குடிமக்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு, நன்கொடை சேர்த்து, நகராட்சியோடு கைகோத்து அதை மீட்டார்கள். பணத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் பின்னால் செய்த ஓர் ஏற்பாடு. பூங்காவை 49 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரரின் பொறுப்பில் விட்டார்கள். இந்தப் புல்தரை காய்ந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியும். அந்தத் தோட்டக்காரருக்கும் இது என் இடம் என்ற உரிமை உணர்வு வரும். நம் சிறிய பூங்காவுக்கு 49 பேர் தேவையில்லை. ஒருவர் போதும், ஆனால் நிலையான ஒருவர், மாதச் சம்பளத்தோடு.

அதே நியூயார்க்கிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு, இது கசப்பானது. 2012இல் ஒரே செல்வந்தர் சென்ட்ரல் பார்க்குக்கு 10 கோடி டாலர் கொடுத்தார். அதே நகரத்தில் ஏழைகள் வாழும் பகுதிகளின் பூங்காக்கள் வாடிக்கொண்டிருந்தன. நிதி குவியும் பெரிய பூங்காக்கள் ஐந்தில் ஒரு பங்கை அவற்றுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று சட்ட முன்மொழிவே வந்தது. மக்கள் பணம் வரத் தொடங்கிய இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: வசதியுள்ள தெருவின் பூங்கா பசுமையாகும், வசதியில்லாத தெருவின் பூங்கா அப்படியே கிடக்கும். இன்னொன்றும் நடக்கலாம். "நீங்களே செய்துகொள்கிறீர்களே" என்று உள்ளாட்சி நிர்வாகம் தன் பங்கை மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். நாம் வரி கட்டுகிறோம், அந்த வரியில் பூங்காவுக்கும் பங்குண்டு. நம் நன்கொடை அதற்கு மேலே வருவது, அதற்குப் பதிலாக வருவது அல்ல. இதை எழுத்தில் வாங்க வேண்டும்.

சரி, யாரிடம் கேட்பது? பெரிய கைகளை மட்டும் தேடிப் போகாதீர்கள். சுதந்திர தேவி சிலையை பிரான்ஸ் மக்கள் பரிசாகக் கொடுத்தார்கள், அதை நிறுத்தும் பீடத்துக்குத்தான் அமெரிக்காவில் பணம் போதவில்லை. 1885இல் ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில் பொதுமக்களிடம் கேட்டார். தொகை எதுவானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவேன் என்றார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1,20,000க்கும் அதிகம், பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. குழந்தைகள் சேமித்த சில்லறையும் அதில் இருந்தது. ஒரு லட்சம் டாலரைவிட அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர்தான் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன். சிறுதொகை கொடுத்தவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பார். பணமாகத் தர இயலாதவர் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உழைப்பாகத் தரட்டும். அதையும் ரசீதுப் புத்தகத்தில் பணத்துக்குச் சமமாக எழுதுவோம். கொடுத்தவர் பெயர்களைப் பலகையில் போடுவதென்றால் அகர வரிசையில் போடுவோம், தொகை வரிசையில் வேண்டாம்.

எதைச் செய்வது என்பதில் என் வேண்டுகோள் ஒன்றே: முதலில் பாருங்கள். வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களில் கேமராவை வைத்து மக்களைக் கவனித்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எத்தனை பூங்காக்களில் நிழல் ஓரிடத்திலும் பெஞ்சு வேறிடத்திலும் இருக்கின்றன! ஓர் இடத்தில் பெண்கள் போதிய அளவில் இல்லையென்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்றும் அவர் சொன்னார். நம் பூங்காவில் மாலை ஏழு மணிக்குப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளக்கு எங்கே வேண்டும், எந்தப் புதரை வெட்ட வேண்டும், கழிப்பறை ஏன் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

குழந்தைகளையும் பாருங்கள். சோரென்சன் என்ற டென்மார்க் வடிவமைப்பாளர் தாம் அமைத்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலகையும் மண்ணுமாக விளையாடுவதைக் கவனித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. 1943இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப்பில் அப்படிப்பட்ட ஒரு திடலையே, பழைய மரத்துண்டுகளும் கருவிகளுமாக, உண்டாக்கிக் கொடுத்தார். விலையுயர்ந்த சறுக்குமரத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மணல்மேட்டையும் சில மரக்கட்டைகளையும் போட்டுப் பாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சீரமைப்பு என்ற பெயரில் மரத்தின் அடிவரைக்கும் சிமெண்ட் பூசிவிடுகிறோம். வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும். சுற்றிலும் திறந்த மண் இல்லாவிட்டால் நிழல் தரும் பழைய மரம் சில ஆண்டுகளில் மெல்லப் பட்டுப்போகும். மேடை கட்டி அடிமரத்தை மண்ணால் மூடுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். நன்கொடையாளர் பெயரில் நூறு கன்றுகள் நடுவதைவிட, இருக்கும் பெரிய மரங்களைச் சுற்றிய காரையை உடைத்து எடுப்பது மேல். அதற்கு விழா எடுக்க முடியாது என்றாலும் முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டும்.

பொதுச் சொத்தை மக்கள் சேர்ந்து காப்பது நடக்காத காரியம் என்று சிலர் சொல்வார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகெங்கும் பொதுக் காடுகள், பாசன அமைப்புகள், மீன்பிடிக் கரைகளை ஆராய்ந்து, அது நடக்கும் என்று காட்டி 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பயன்படுத்துபவர்களே விதிகளை வகுக்க வேண்டும், கண்காணிப்பு வேண்டும், சச்சரவைத் தீர்க்க எளிய வழி வேண்டும் என்பன அவர் கண்ட அம்சங்களில் சில. நமக்கும் சச்சரவு வரும். நாயோடு வருபவர், பந்து விளையாடுபவர், அமைதியாக நடக்க நினைப்பவர் மூவரும் ஒரே மாலை வேளையில் வருவார்கள். அவர்கள் மூவரையும் உட்காரவைத்து நேரத்தைப் பிரித்துக்கொள்ளச் செய்வது ஒரு புதிய நடைபாதை போடுவதற்குச் சமமான வேலை.

இனி, உள்ளாட்சி நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தம். நிலம் அவர்களுடையது, ஆகவே அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. நாம் வாங்கிவைக்கும் சாதனம் யாருக்குச் சொந்தம், யாராவது காயப்பட்டால் யார் பொறுப்பு, நீர், மின்சாரக் கட்டணம் யார் தலையில், அவர்களின் ஆண்டு ஒதுக்கீடு குறையாது என்ற உறுதி, பணம் கொடுத்தவருக்கென்று தனி நேரமோ தனி இடமோ கிடையாது என்ற உறுதி, மாதக் கணக்கை வாசலில் ஒட்டும் கடமை ஆகிய இத்தனையும் அதில் வர வேண்டும். வரைவைத் தயாரித்து அடுத்த கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். பணம் தர இயலாதவர்களையும் அழைத்து உட்காரவையுங்கள். வரி வரியாக விவாதித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு முதல் ரசீதைக் கிழிக்கலாம்.

நன்றி, வணக்கம்.