ரோஸ்மீட் பிளேஸ் விறாந்தை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையில் இந்த மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம்.

"அரசியல் கொலைக்கு மூலம் தனிமனித ஆசையா, சமூகம் பொறுத்துக்கொண்ட வன்முறையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவின் கொலையை எடுத்தார். "அது ஒரு கப்பல் ஒப்பந்தத்துக்காக நடந்தது, இதில் சமூகம் எங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். மூலம் சமூகம் பொறுத்துக்கொண்ட வன்முறையே என்று காட்ட நானும் அதே கொலையையே எடுக்கிறேன்.

ஒப்பந்த விஷயத்தை நான் மறுக்கவில்லை. களனி ரஜமகா விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித தேரரும் வியாபாரி எச்.பி. ஜயவர்தனவும் ஒரு கப்பல் கம்பெனி வைத்து, அரசாங்கத்துக்கு அரிசி ஏற்றிவரும் வேலையை எதிர்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை வெல்ல வைக்க முன்னின்றவர் புத்தரக்கித தேரர். கோபம் வந்திருக்கும், சரி. ஆனால் டென்டர் கிடைக்காதவர்கள் கொழும்பில் எத்தனை ஆயிரம் பேர்! சட்டத்தரணியிடம் போவார்கள், எம்.பி.யைப் பிடிப்பார்கள், பேப்பருக்கு எழுதுவார்கள். பிரதமரைச் சுட்டால் காரியம் ஆகும் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? என் வாதம் முழுவதும் அந்தத் துணிவைப் பற்றியது.

1959 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை காலை. கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் 'டின்டஜல்' என்ற பிரதமரின் வீடு. அமெரிக்கத் தூதுவர் பேசிவிட்டுப் போய்விட்டார். விறாந்தையில் முறைப்பாடும் மனுவுமாக ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்களிடையே இரண்டு பிக்குகள். ஒருவர் தல்துவே சோமராம தேரர், சுதேச வைத்தியக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர். அவருடைய காவிச் சீவரத்துக்குள் .45 ரிவால்வர். வாசலில் பொலிஸ் காவல் இருந்தது. ஆனால் பிக்குவைத் தடவிச் சோதிக்கும் வழக்கம் அந்த வாசலில் இல்லை. பிரதமர் வந்தார், முறைப்படி குனிந்து வணங்கினார். உடனே வெடி. உள்ளே போக முயன்றவரைப் பின்தொடர்ந்தும் சுட்டார். பொது வைத்தியசாலையில் மணிக்கணக்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

விசாரணை எந்தெந்த வாசல்களுக்குப் போனது என்று பாருங்கள். ஒரு விகாரை. ஒரு வியாபாரி. துப்பாக்கியைப் பெற்றுக்கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள், ஆகவே நான் அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். சந்தேகத்தில் கைதாகிப் பிறகு விடுவிக்கப்பட்ட ஒரு அமைச்சர். தனி ஒருவரின் ஆசையைத் தேடிப் போன பொலிஸார் ஏன் இத்தனை படிகள் ஏற வேண்டி வந்தது?

இப்போது அதே வீட்டுக்கு, 17 மாதம் பின்னால் போவோம். 1958 ஏப்ரல் 9. பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957 ஜூலை 26இல் கையெழுத்தாகியிருந்தது. தமிழ்ப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள், தமிழில் நிர்வாகம் என்று மிகச் சிறிய ஏற்பாடுதான். அதைக் கிழிக்கச் சொல்லி ஏராளமான பிக்குகள் இந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் சொன்னார். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஒரு நாட்டின் பிரதமர், தன் கையெழுத்தை அழிக்க இன்னொரு கையெழுத்து! வாசலில் நெருக்கினால் பிரதமர் பணிவார் என்று அன்று ஊரே பார்த்துக்கொண்டது.

இன்னும் பின்னால் போகலாம். 1956 ஜூன் 5, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். காலிமுகத்திடலில் தந்தை செல்வா தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்தது, பொலிஸார் பார்த்து நின்றார்கள். தமிழரசுக் கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் போனபோது, "கௌரவமான போர்க் காயங்கள்" என்று பிரதமரே பகிடி விட்டதாக அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். விழுப்புண் என்பது எங்கள் இலக்கியத்தில் வீரன் மார்பில் ஏந்துவது. கை ஓங்காமல் உட்கார்ந்திருந்தவனின் மண்டையை உடைத்துவிட்டு அதைப் போர்க் காயம் என்றால், அடித்தவனுக்கு அது என்ன செய்தி? 1958 மே 22இல் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. பாணந்துறையில் கோயில் குருக்களை உயிரோடு எரித்தார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது 27இல். இடையில் போன ஐந்து நாட்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. கொழும்புத் தமிழர் ரோயல் கல்லூரி முகாமில் கிடந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சூடுபட்டுக் கிடந்த பண்டாரநாயக்க, அமைதியாக இருங்கள், சுட்டவன் மேல் பழிவாங்காதீர்கள் என்று மக்களுக்குச் செய்தி சொன்னார். பிக்கு உடை போட்ட மூடன் ஒருவன் என்றே சொன்னார். மே கலவரம் முடிந்து 16 மாதம்தான். சுட்டவன் தமிழன் என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தால் அன்றிரவு வெள்ளவத்தை என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் கேட்ட பொறுமைக்கு அவருடைய சபை என்ன செய்தது? 1958இல் அவருடைய அரசாங்கமே மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்தது. அவர் இறந்ததும், அடுத்துப் பிரதமரான தகநாயக்கவின் அரசாங்கம் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்த கொலைக்கும் தூக்கு பொருந்தும் என்று எழுதியது. அவசரத்தில் தைத்த சட்டையில் ஒரு கை விடுபட்டது. 'கொலை' என்று எழுதியவர்கள் 'கொலைச் சதி'யை எழுத மறந்தார்கள். 1961 மே 12இல் சோமராம, புத்தரக்கித, ஜயவர்தன மூவருக்கும் மரண தண்டனை. மேன்முறையீட்டில் அந்த விடுபட்ட சொல்லால் பின்னவர் இருவருக்கும் ஆயுள் சிறையானது. சுட்டவர் 1962 ஜூலை 6இல் வெலிக்கடைச் சிறையில் தூக்கில் தொங்கினார். திட்டம் போட்டவருக்குக் கயிறு எட்டவில்லை. எட்டியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தூக்குக் கயிறே வேண்டாம் என்பவன் நான். கோபத்தில் எழுதிய சட்டம், அது எழுதப்பட்ட காரியத்துக்கே உதவாமல் போனதைக் காட்டுகிறேன்.

எதிரணி சிரிக்க வேண்டாம், அடுத்தது எங்கள் வீட்டுக் கணக்கு. 1975 ஜூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுடப்பட்டார். அதற்கு முன்பே மேடையில் 'துரோகி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. கை தட்டியவர்கள் நாங்கள். 1989 ஜூலை 13, இதே கொழும்பில் பௌத்தாலோக மாவத்தை வீட்டுக்குப் பேச வந்த விடுதலைப் புலிகளைச் சோதிக்க வேண்டாம் என்று காவலரிடம் சொன்னது முன்னாள் தமிழ் எம்.பி. யோகேஸ்வரன். அங்கே சீவரம், இங்கே எங்கட பிள்ளைகள் என்ற உரிமை. இரண்டு வாசலிலும் துப்பாக்கி மரியாதையோடுதான் உள்ளே போனது. தேநீர் கொடுத்து உபசரித்த வீட்டில் யோகேஸ்வரனும் அமிர்தலிங்கமும் செத்தார்கள். காலிமுகத்திடலில் உடைந்த அதே தலை.

மணி அடிக்கப் பார்க்கிறார்கள், ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. 1999 ஜூலை 29 காலை, அலுவலகம் போய்க்கொண்டிருந்த தமிழ் எம்.பி. நீலன் திருச்செல்வத்தைத் தற்கொலைக் குண்டுதாரி கொன்றார். இடம், கின்சி டெரஸும் ரோஸ்மீட் பிளேஸும் சந்திக்கும் மூலை. டின்டஜல் வீடு நிற்கும் அதே தெரு. நீலன் செய்த குற்றம், அதிகாரப் பகிர்வுக்கு அரசியலமைப்பு வரைவு எழுதியது. எதிரணித் தலைவர் அவர்களே, அந்தக் கொலைக்கு எந்த டென்டரைக் காட்டுவீர்கள்? உங்கள் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.