திருட்டுக் கேஸில் போனவள் கையில் வீட்டுச் சாவி

நடுவர் ஐயாவுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாருக்கும், வெயில் தாழ்றதுக்கு முன்னாடியே பாய் விரிச்சு இடம் பிடிச்ச தாய்மாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா வந்துடுறேன்.

தலைப்பு என்ன? சிறையிலிருந்தும் குடியிலிருந்தும் மீண்டு வர்ற பெண்ணுக்குப் பெரிய துணை அரசுத் திட்டங்களா, இல்ல இறைநம்பிக்கை உள்ளவங்க நடத்துற இல்லங்களா? இல்லங்கள்தான்னு பேச வந்திருக்கேன். குறிப்பு எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு பாருங்க. "அந்த இல்லத்துல எல்லாம் ஒரு தட்டு சோத்துக்கு ஒரு ஜெபம் ரேட்டு, ரெண்டாவது தட்டு கேட்டா முழங்கால் போடணும்"னாரு. நீங்களும் விசில் அடிச்சீங்க. குறிப்பை மடிச்சு வச்சுட்டேன். அந்த ரேட்டைப் பத்தியே பேசிடலாம் அண்ணே.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் கன்னியாஸ்திரிகள் நடத்துற ஒரு இல்லத்துக்குப் போய், அங்க இருக்குற பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்குறேன். எல்லாரும் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவங்க. அந்த வீட்டுப் பேரைச் சொல்ல மாட்டேன். அங்க இருக்குறவங்க நிம்மதியா இருக்கணும்.

அங்க ஒரு தங்கச்சி. சித்தாள் வேலை பார்த்தவ. நாள் பூரா கல்லும் மண்ணும் சுமந்துட்டு ராத்திரி உடம்பு வலி தாங்காம, புருஷன் குடிச்சு வச்ச மிச்சத்தைக் குடிக்க ஆரம்பிச்சா. மிச்சம் போய் குவார்ட்டர் ஆச்சு. அப்புறம் வீட்டு வேலைக்குப் போன இடத்துல ரெண்டு பவுன் சங்கிலி. கேஸும் தண்டனையுமா நாலு வருஷம். இடுப்புல மூணு வயசுப் பொம்பளப் புள்ளையோட உள்ள போனா. 

புருஷன் ஜெயிலுக்குப் போனா பொண்டாட்டி என்ன பண்ணுவா? சோறு கட்டிக்கிட்டு, பஸ் ஏறி, மனு போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதுட்டு வருவா. பொண்டாட்டி உள்ள போனா? நாலு வருஷத்துல இவளை மனு போட்டுப் பார்க்க ஒருத்தர் வரல. ஒருத்தர்! நம்ம நாட்டுச் சிறைகள்ல இருக்குறவங்கள்ல பெண்கள் 100-க்கு 4 பேர்தான். 2019-ல வெளியான தேசிய ஆய்வு, நாட்டுல மது குடிக்கிற ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம்னு சொல்லுது. எண்ணிக்கை கம்மியா இருக்குறதாலதான் இவங்க யார் கண்ணுலயும் படுறதில்ல. ஆம்பள குடிச்சா அவனுக்கு ஏதோ கஷ்டம்னு சொல்ற தெரு, பொம்பள குடிச்சா என்ன பேர் வைக்கும்னு இங்க உட்கார்ந்திருக்குற தாய்மாருக்குத் தெரியும்.

விடுதலையான அன்னிக்கு வாசல்ல யாரும் இல்ல. கையில ஒரு மஞ்சப் பை. அந்தப் பக்கத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு சிஸ்டர் ஒருத்தர் நிக்கிறாங்க. அறுபது வயசு, ரெண்டு முட்டியிலயும் வலி, டவுன் பஸ்ல வந்திருக்காங்க. "வாம்மா போகலாம்"னாங்க. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தாச்சு. சாப்பிட்டாச்சு. சிஸ்டர் உள்ள போய்ட்டு வந்து பார்த்தா, இவ திண்ணைக்குப் போற கதவுக்கு முன்னாடி நிக்கிறா. கதவு சும்மா சாத்தியிருக்கு, பூட்டல. "என்னம்மா?" "வெளிய உட்காரலாமான்னு..." "உட்காரு, திறந்துதான இருக்கு?" இவளுக்குக் கை போகலங்க. நாலு வருஷமா ஒரு கதவைக்கூட அவ கையால திறந்ததில்ல. வேற யாராவது திறப்பாங்க, இவ நுழைவா. வேற யாராவது பூட்டுவாங்க. கதவுன்னா அது மத்தவங்க வேலைன்னு அந்தக் கைக்குப் பழகிப்போச்சு.

அப்ப சிஸ்டர் என்ன செஞ்சாங்க தெரியுமா? கதவைத் திறந்து விடல. ஆணியில தொங்கின ஒரு சாவியை எடுத்து இவ கையில வச்சாங்க. "வாசக் கதவுச் சாவி. இந்த வீட்டுல இருக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

இவ பயந்துட்டா. "சிஸ்டர், நான் எதுக்கு உள்ள போனேன்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

இன்னொரு தடவை சொல்றேன், கடைசி வரிசைக்குக் கேட்கணும். தெரிஞ்சுமா? தெரிஞ்சுதான்!

இங்க இருக்குற தாய்மாரே, நீங்க சொல்லுங்க. நம்ம வீட்டுல சாவிக்கொத்து யார் இடுப்புல இருக்கும்? மாமியார் இடுப்புல. அது மருமக இடுப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? பேரன் கல்யாணம் வரைக்கும் காத்திருந்த மருமகள்கள் இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க, சிரிக்கிறாங்க பாருங்க! சொந்த மருமகளுக்கே முப்பது வருஷம் ஆகுற சாவி, திருட்டுக் கேஸ்ல போய்ட்டு வந்தவளுக்கு முதல் நாள் ராத்திரி கிடைச்சுது. அதை முந்தானையில முடிஞ்சு, கைக்குள்ள பிடிச்சுக்கிட்டே தூங்கினாளாம்.

எதிரணி அண்ணன் தையல் மெஷின் கணக்கு சொன்னாரு, கடன் திட்டம் சொன்னாரு. நல்ல திட்டங்கள். நான் ஒண்ணையும் குறை சொல்லல. ஆனா ஒரு அரசு விடுதிக் காப்பாளர், நேத்து வெளிய வந்த கைதி கையில வாசச் சாவியைக் கொடுக்க முடியுமா? மறுநாள் மெமோ வரும். அவங்க தப்பு இல்லங்க. அரசாங்கம் விதியாலதான் நடக்கணும். விதிக்கு ஒருத்தரை நம்பத் தெரியாது. நம்ம தமிழ்ல சாமி மேல வைக்கிறதுக்கும் நம்பிக்கைதான் பேரு, மனுஷங்க மேல வைக்கிறதுக்கும் நம்பிக்கைதான் பேரு. இவங்க கடவுளை நம்புறவங்கன்னு நினைச்சுத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தா இவங்க அவளை நம்புறாங்க.

இப்ப ரேட்டுக்கு வர்றேன் அண்ணே. அந்த வீட்டுல ஒரு முஸ்லிம் அம்மா இருந்தாங்க. ரமலான் மாசம். விடியக்காலை மூணரை மணிக்கு அந்த முட்டிவலிக்கார சிஸ்டர் எந்திரிச்சு, அந்த ஒரு அம்மாவுக்காக அடுப்பு பத்த வச்சு சஹர் சாப்பாடு செய்வாங்க. முப்பது நாளும். நோன்பு வைக்கிறது அவங்க, சமைக்கிறது இவங்க. அந்தச் சோத்துக்கு எத்தனை ஜெபம் அண்ணே ரேட்டு? உங்க விலைப்பட்டியல்ல அது எந்த வரியில இருக்கு?

கை தட்டினதுக்கு நன்றி. ஆனா ஒண்ணை நான் மறைக்க மாட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி இடங்களும் உண்டு. மதத்தைச் சொல்லி மனுஷங்களை அடைச்சு வச்ச இடங்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவுக்குப் பக்கத்துல தனியார் நடத்தின மனநலக் காப்பகத்துல தீ. சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்தாங்க. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு நெஞ்சு எரியுது. சாமி பேரைச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டி வைக்கிற எந்த இடத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் சாவி கொடுத்தவங்களைப் பத்திப் பேசுறேன். சங்கிலி போட்டவங்க என் அணியில இல்ல.

சாவி கொடுத்தவங்க வேற ஊர்லயும் இருக்காங்க. அமெரிக்காவுல நாஷ்வில். பெக்கா ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா, எபிஸ்கோப்பல் சபையில குருவானவர். 1997-ல அஞ்சு பெண்களோட ஒரு வீட்டைத் தொடங்கினாங்க. தெருவுலயும் ஜெயில்லயும் போதையிலயும் கிடந்தவங்க. ரெண்டு வருஷம் இருக்கலாம், வாடகை கிடையாது, அந்த வீட்டுக்குள்ள வார்டன்னு ஒருத்தர் தங்குறதும் கிடையாது. 2001-ல மெழுகுவத்தி செஞ்சு விக்கிற தொழிலும் தொடங்கினாங்க. அதுக்கு வச்ச பேரு திஸில் ஃபார்ம்ஸ். திஸில்னா நம்ம ஊர் பிரமதண்டு மாதிரி ரோட்டோரத்துல முள்ளோட வளர்ற ஒரு களைச் செடி. யாரும் தொடாத முள்ளுச் செடியோட பேரையே அந்தப் பெண்கள் தங்களுக்கு வச்சுக்கிட்டாங்க. அவங்க கூடி உட்காரும்போது முதல் மெழுகுவத்தியை, இன்னும் தெருவுல நின்னுக்கிட்டு வீட்டுக்கு வழி தேடுற பெண்ணுக்காகத்தான் ஏத்துவாங்க.

அதுக்கும் முன்னாடி லண்டன். 1813-ல எலிசபெத் ஃப்ரைன்னு குவேக்கர் சபைப் பெண்மணி நியூகேட் சிறைக்குள்ள போறாங்க. பெண்களும் குழந்தைகளும் வைக்கோல்ல குவிஞ்சு கிடக்குறாங்க. பிறகு அங்க பள்ளிக்கூடம் வச்சாங்க, தையல் வேலை கொண்டு வந்தாங்க, விதிகளும் வச்சாங்க. ஆனா ஒவ்வொரு விதியையும் வாசிச்சு, அந்தக் கைதிகளையே கை தூக்கச் சொல்லித்தான் நிறைவேத்தினாங்க. 2002-லிருந்து பல வருஷம் இங்கிலாந்தோட அஞ்சு பவுண்டு நோட்டுல அந்தம்மா முகம் இருந்துச்சு.

வெளிநாடு எதுக்குன்னு கேப்பீங்க. சரி, பூம்புகாருக்கு வாங்க. கையில அமுதசுரபியோட மணிமேகலை எங்க போனா? சிறைக்கோட்டத்துக்குள்ள போனா. கைதிகளுக்குச் சோறு போட்டா. சோழ ராஜா கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டான். இந்தச் சிறையை எடுத்துட்டு அறவோர் இருக்குற இடமா ஆக்குன்னு கேட்டா. ஊர் ஏசின கணிகை குலத்துப் பொண்ணு, துறவியா ஆனவ, கேட்ட வரம் அது. அண்ணே, அவ தட்டுக்கு ஒரு போதனைன்னு ரேட்டு வச்சதா உங்க புத்தகத்துல எங்கயாவது இருக்கா?

நடுவர் ஐயா மணியைத் தொடுறாரு. ரெண்டு நிமிஷம் ஐயா. சாவிக் கதை முடியல.

வந்த பத்தொன்பதாவது நாள் அந்தத் தங்கச்சி குடிச்சுட்டா. ஆமா, குடிச்சுட்டா. கூலிக் காசு கையில வந்துச்சு, கால் கடைக்குப் போயிடுச்சு. ராத்திரி பத்தரை மணி. வாசக் கதவுல கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம். சாவியைப் பூட்டுல வைக்கப் பார்க்குறா, கை நடுங்குது, ஓட்டையைச் சுத்திச் சுத்திக் கீறுது. சிஸ்டர் எந்திரிச்சாங்க. உள்ளேயிருந்து திறந்து விட்டா ஒரு நொடி வேலை. அவங்க பின்வாசல் வழியா சுத்தி, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, முன்திண்ணைக்கு வந்தாங்க. வந்து டார்ச் லைட்டைப் பூட்டு மேல அடிச்சுப் பிடிச்சாங்க.

"மெதுவா. திறப்ப நீ."

எவ்வளவு நேரம்னு கேட்டேன். அவ சொன்னா, "அக்கா, எனக்கு விடியுற மாதிரி இருந்துச்சு. சிஸ்டர் கை அசையவே இல்ல." கடைசியில அவதான் திறந்தா.

காலையில சாவியைக் கொண்டு போய் மேசையில வச்சா. "எனக்கு இது தகாது சிஸ்டர்." சிஸ்டர் சாவியைத் திருப்பிப் பார்த்தாங்க. "தொலைக்கல, விக்கல, திரும்ப இதே வீட்டுக்குத்தான் வந்திருக்கு. வச்சுக்க." வச்சுட்டு என்ன பண்ணாங்க? ஜெபத்தோட விடல. முதல் பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கை நடுக்கத்துக்கு டாக்டர், மாத்திரை, படுக்கை. அரசு ஆஸ்பத்திரிதான் அண்ணே, கை எடுத்துக் கும்பிடுறேன். அங்கயிருந்து ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசுற கூட்டம். 1935-ல அமெரிக்காவுல அக்ரன்ங்கிற ஊர்ல குடியால நொந்த ரெண்டு ஆம்பளைங்க தொடங்கின வழி அது. கடவுளைச் சொல்றப்ப "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்"னு சொல்லி, எந்தச் சாமின்னு அவரவருக்கு விட்டுட்ட வழி. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம்னு ஆரம்பிச்சா. அந்த ஒரு நாள் ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு.

ஐயா, மணி அடிச்சுட்டீங்க. கேட்டுச்சு. வாதத்துக்கு நீங்க மார்க் போடுங்க, போடாம விடுங்க. ஒண்ணே ஒண்ணு.

அவ புள்ளையைச் சொன்னேன் இல்லையா? ஜெயில்ல அம்மாவோட ஆறு வயசு வரைக்கும்தான் குழந்தை இருக்கலாம். ஆறு முடிஞ்சதும் விடுதிக்கு அனுப்பிட்டாங்க. அம்மா வெளிய வந்து, குடியை விட்டு எட்டு மாசம் கழிச்சு, பரீட்சை லீவுக்கு அந்தப் புள்ள முதல் முறையா இந்த வீட்டுக்கு வருது. நான் அன்னிக்கு அங்க இருந்தேன். வாசல்ல நிக்கிறாங்க ரெண்டு பேரும். இவ முந்தானை முடிச்சை அவுத்துச் சாவியை எடுக்குறா. புள்ள சட்டுன்னு அம்மா கையைப் பிடிச்சுக்கிச்சு. அதுக்குத் தெரிஞ்ச கதவை எல்லாம் காக்கிச் சேலைக்காரங்கதான் திறப்பாங்க. சுத்திமுத்தும் பார்த்துட்டு மெல்லக் கேட்டுச்சு:

"அம்மா, நீயே திறந்தா திட்ட மாட்டாங்களா?"

இவளுக்குப் பதில் வரல. குனிஞ்சு, அந்தச் சாவியைப் புள்ள கையில கொடுத்துட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் நாங்க பாடம் நடத்தவே இல்லைங்க. அந்தப் புள்ள கதவைப் பூட்டுறதும் திறக்குறதும், பூட்டுறதும் திறக்குறதுமா, விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தப் படியிலயே நின்னுச்சு.

வணக்கம்.