லிவிங்ஸ்டனைச் சுமந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவில், பங்வேலு ஏரிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில், ஸ்காட்லாந்து மிஷனரியும் ஆய்வுப் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டன் இறந்தார். உடன் இருந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள் மட்டுமே. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய உதவியாளர்களான சூசி, சூமா என்ற இருவர் தலைமையில் அவர்கள் எடுத்த முடிவு வேறு.

இதயத்தை எடுத்து ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலுக்குள் உப்பு வைத்து, சுமார் இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தினார்கள். துணியில் சுற்றி, மரப்பட்டைக்குள் பொதிந்து, மேலே கித்தான் வைத்துத் தைத்துத் தார் பூசினார்கள். புதைத்த இடத்தில் ஜெபம் வாசித்து, மரத்தில் பெயரைச் செதுக்கியவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாட்டு நாசிக்கில் மிஷனரிப் பள்ளியில் படித்த இளைஞர் அவர்.

பிறகு நடை. கடற்கரை வரை 1,500 கிலோமீட்டருக்கு மேல். வழியில், இன்றைய தான்சானியாவின் தபோராவில் கேமரன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இங்கேயே புதைத்துவிடுங்கள் என்றார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். சவம் எங்கள் ஊர் வழியே போகக் கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது, சாதாரணத் துணிமூட்டைபோல் மாற்றிக் கட்டித் தூக்கிப் போனார்கள். 1874 பிப்ரவரியில் பகமோயோ துறைமுகத்தில் ஒப்படைத்தார்கள். லண்டனில், முன்பு சிங்கம் கடித்து முறிந்த இடது கை எலும்பைப் பார்த்துத்தான் அது லிவிங்ஸ்டன் உடல் என்று உறுதி செய்தார்கள்.

ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதிச் சடங்கு. சவப்பெட்டியின் அருகே நடந்த முக்கியஸ்தர்களில் வெயின்ரைட்டும் இருந்தார், 1871இல் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்த பத்திரிகையாளர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியும் இருந்தார். சூசியும் சூமாவும் அங்கே இல்லை. சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் இங்கிலாந்துக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

லிவிங்ஸ்டனை நான் கொள்ளைக்காரர் என்று சொல்ல மாட்டேன். 1871இல், இன்றைய காங்கோவில் உள்ள நியாங்வே சந்தையில் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் மக்களைச் சுட்டுக் கொன்றதை அவர் கண்ணால் பார்த்தார். அவர் எழுதிய செய்தி பிரிட்டனை உலுக்கியது. அவர் இறந்த சுமார் ஐந்து வாரத்தில், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் அடிமைச் சந்தையை மூட சுல்தான் கையெழுத்திட்டார். இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் ஆப்பிரிக்காவை மீட்க வெள்ளையரின் வணிகமும் மதமும் உள்ளே வர வேண்டும் என்று நம்பியவரும் அவர்தான்.

அந்த நம்பிக்கையை ஆயுதமாக்கிக்கொண்டவர் பெல்ஜிய அரசர் லியோபோல்டு. அடிமை வணிகத்தை ஒழிக்கிறேன் என்று உலகத்திடம் சொன்னார். 1879 முதல் அவருக்காகக் காங்கோவில் பாதை போட்டு, நிலையங்கள் கட்டி, தலைவர்களிடம் ஒப்பந்தம் வாங்கியவர் ஸ்டான்லி. 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டிக் காங்கோ அந்த அரசரின் சொந்த உடைமை ஆனது. மாநாட்டு மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. அதன்பின் ரப்பர் வேட்டை. குறித்த அளவு ரப்பர் தராத ஊர்களில் அரசரின் ஆட்கள் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட மனிதக் கைகளை வெட்டிக் கூடையில் கொண்டுவந்தார்கள். 1908 வரை அந்த ஆட்சி நீடித்தது.

விடுதலைக்குப் பின் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் ஸ்டான்லியின் சிலையைக் கீழே இறக்கினார்கள். சாம்பியாவிலோ லிவிங்ஸ்டன் என்ற ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. யாரை எங்கே வைப்பது என்று அந்த மக்கள் தெளிவாகவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தீராத ஆற்றாமை ஒன்று உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள கல்லறைப் பலகை, விசுவாசமான கரங்கள் நிலமும் கடலும் கடந்து அவரைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. அந்தக் கரங்களுக்கு உரியவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. சூசி, சூமா, வெயின்ரைட், சமையல் பார்த்த ஹலிமா: பெயர்கள் தெரிந்தவைதான். அந்தக் கல்லில் அவற்றையும் பொறித்திருக்கலாம்.

நன்றி, வணக்கம்.