ஏழடி இளைஞனிடம் எதைப் பார்ப்பது?

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கிறது. அதில் அணிகள் அடிக்கடி கோட்டை விடுவது ஏழடி உயர இளைஞர்கள் விஷயத்தில்தான். பத்தொன்பது வயதுப் பையன் நின்றபடி கையை நீட்டினாலே பத்தடி உயர வளையத்தை நெருங்கிவிடுகிறான் என்றால், யாருக்குத்தான் ஆசை வராது?

டிராஃப்டுக்கு முன் ஒரு சோதனை முகாம் உண்டு. உயரம், கைவிரிப்பு, நின்ற இடத்தில் எவ்வளவு எம்புகிறான், மைதானத்தின் முக்கால் நீளத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்றெல்லாம் அளப்பார்கள். அளக்கட்டும், தப்பில்லை. ஆனால் அங்கே எம்புவது ஓய்வெடுத்து வந்த உடம்பு.

வளையத்தடியில் நடப்பது வேறு. பந்து விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. இரண்டு பேர் எம்புகிறார்கள், யாருக்கும் சிக்கவில்லை. ஒருவன் தரையிறங்கி, முழங்காலை நன்றாக மடக்கி, கைகளை இடுப்புவரை கொண்டுவந்து மறுபடி கிளம்புகிறான். அதற்குள் மற்றவன் கால் விரல்களிலேயே உந்தி மேலே போய்விட்டான். ரீபவுண்ட், அதாவது தெறித்து வந்த பந்து, அவனுக்குத்தான். முதல் தாவலில் இரண்டு அங்குலம் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது தாவல் சட்டென்று வருகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

அப்புறம் பக்கவாட்டில் நகர்வது. இன்றைய ஆட்டத்தில் எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் கார்டு, வேண்டுமென்றே இந்த நெட்டை ஆளை வளையத்தடியிலிருந்து வெளியே இழுப்பார். அங்கே இடுப்பைத் தாழ்த்தி நாலு எட்டு ஈடுகொடுக்க முடியாவிட்டால் உயரம் வீண். தான்சானியாவில் பிறந்த ஹஷீம் தபீத் ஏழடி மூன்று அங்குலம். 2009-இல் மெம்பிஸ் அணி அவரை இரண்டாவதாக எடுத்தது. அடுத்த இடத்தில் போனவர் ஜேம்ஸ் ஹார்டன், ஏழாவது இடத்தில் ஸ்டெஃபன் கரி. இருவரும் பின்னாளில் பெரும் நட்சத்திரங்கள். கல்லூரியில் பந்துகளைத் தட்டித் தள்ளியவருக்கு என்.பி.ஏ.யின் வேகத்துக்குக் கால் வரவில்லை. முதல் சீசனிலேயே கீழ்நிலை லீகுக்கு அனுப்பப்பட்டார்.

ஹக்கீம் ஒலாஜுவான் கதை நேர் எதிர். நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் வீரராகவும் இருந்தவர், பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். அந்தக் கால்கள்தான் பின்னாளில் எதிராளிகளைச் சுற்றவிட்டன. அவர் ஆடிய ஹூஸ்டன் அணி 1994, 1995 இரண்டு ஆண்டும் சாம்பியன். எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடும் பிளாக்குகள் 3,830 என்ற அவருடைய சாதனை இன்னும் நிற்கிறது. இளைஞன் இதற்கு முன் என்ன விளையாடினான் என்று கேட்பது அவ்வளவு முக்கியம்.

நிகோலா யோகிச் விஷயத்தில் நம் கணக்கையே திருத்த வேண்டியிருக்கிறது. உயரே எம்பமாட்டார், ஓட்டமும் சுமார்தான். 2014 டிராஃப்டில் 41-ஆவது இடம். ஆனால் வேகத்தைச் சட்டென்று குறைப்பது, இடிபட்டும் நிலை தடுமாறாமல் நிற்பது, விரல் நுனியில் பந்தை அடக்குவது, இதெல்லாம் உடல்திறன் இல்லையா? மூன்று முறை சிறந்த வீரர் விருது வாங்கிவிட்டார். 2023-இல் அவருடைய டென்வர் அணிக்கு முதல் சாம்பியன் பட்டமும் வந்தது.

எல்லாத் திறமையும் இருந்து உடம்பு ஏமாற்றுவதுதான் கொடுமை. 2007-இல், பின்னாளில் பெரும் நட்சத்திரமான கெவின் டுராண்டுக்கு முன்பாக, முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடன் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. மொத்தமே 105 ஆட்டங்களோடு முடிந்தது. யோகிச் வந்த அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போன ஜோயல் எம்பீடும் பாத எலும்பு முறிவால் முதல் இரண்டு சீசன்களை இழந்தார். ஆனால் 2023-இல் அவர்தான் லீகின் சிறந்த வீரர். இருவரில் யார் மீள்வார் என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதனால் வளையத்தடியில் ஆடும் இருபது வயது சென்டர் ஒருவர் முதல் சீசனில் சறுக்கினார் என்பதற்காக அவரைக் கைகழுவும் அணிகளோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று சீசனாவது கொடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.